நோயாளி பதவியிலிருந்து ஓய்வு

மூன்றாம் தேதி காலை, அம்மா ஓய்வு பெற்றுவிட்டதாகக் கடிதம் வந்தது. அம்மா எங்கேயும் வேலை பார்த்தவள் இல்லை.

நல்ல கெட்டித் தாள். மேலே துறையின் முத்திரை. “தாங்கள் அறுபது வயது நிறைவு செய்ததை முன்னிட்டு, நோயாளி பதவியிலிருந்து இம்மாதம் முதல் தேதி ஓய்வு பெற அனுமதிக்கப்படுகிறீர்கள். தங்களது நெடுங்காலச் சேவையைத் துறை நன்றியுடன் நினைவுகூர்கிறது. தங்கள் பொறுப்பில் உள்ளவற்றை ஏழு நாட்களுக்குள் உரியவரிடம் ஒப்படைக்கவும்.”

அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

“என்னடி இது? பதினாலு மாசமா மாடிப்படி ஏற முடியாம உக்காந்திருக்கேன். அதுக்குப் பேரு சேவையா?”

“பென்ஷன் உண்டான்னு பாரும்மா,” என்றான் அண்ணன். வேன் ஓட்டுகிறவன். எந்தக் கடிதத்தையும் சிரித்துக்கொண்டே படிப்பவன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கடிதத்தை அனுப்பிய அலுவலகத்தில்தான் எனக்கு வேலை. அது எங்கள் கணினி நிரலின் எந்த வரியிலிருந்து புறப்பட்டிருக்கும் என்று ஊகிக்க முடிந்தது. என் ஊகம் பெரும்பாலும் தவறாகவே இருக்கும். ஆனால் அந்த வரியைத் தட்டச்சு செய்தவள் நான் என்பதால், இந்த முறை சரியாக இருந்துவிடுமோ என்று கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. இருபத்திரண்டாம் தேதி அறுவைச் சிகிச்சை. தேதி கொடுத்த டாக்டர் என்னை மட்டும் வெளியே அழைத்து, “இதுக்கு மேல தள்ளிப் போட முடியாதும்மா” என்று சொல்லியிருந்தார். பதினெட்டாம் தேதி காலை எங்கள் இணையதளம் தருகிற பட்டியலைத்தான் மருத்துவமனை எடுத்துக்கொள்ளும். அதில் பெயர் இல்லாதவருக்குக் கட்டில் கிடையாது.

நான் வேலை பார்ப்பது அறுவைச் சிகிச்சை வரிசை அலுவலகத்தின் இணையதளப் பிரிவில், தற்காலிகத் தட்டச்சராக. மாலையில் கணினி நிரல் எழுதும் வகுப்புக்குப் போகிறேன். நோட்டின் இடது பக்கத்தில் டீச்சர் சொன்னதை எழுதுவேன். வலது பக்கத்தில் எனக்குப் புரியாததை எழுதுவேன். வலது பக்கம்தான் எப்போதும் முதலில் நிரம்பும்.

எங்கள் இணையதளம் முன்பு பதினோராயிரம் வரிகள் கொண்ட ஒரே கோப்பாக இருந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அது ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற காரணம் தெரியாமல் ஒன்று ஓடுவது துறைக்கு அழகல்ல என்று ஒரு ஆலோசகரை வரவழைத்து மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். நிரலைத் துண்டு துண்டான கிளாஸ்களாகப் பிரிக்க வேண்டும், கிளாஸ் என்பது அச்சு, அந்த அச்சிலிருந்து வார்த்து எடுப்பது பொருள் என்றெல்லாம் அவர் சொன்னார். மூன்றாம் நாள் பிற்பகல், ஒரு கிளாஸை இன்னொன்றின் வாரிசாக வைக்கலாம், பெற்றோரிடம் இருப்பதெல்லாம் வாரிசுக்குத் தானாக வந்துவிடும் என்றார். அதுவரை கண்ணை மூடிக்கொண்டு கவனித்த இணை இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இதைத்தாங்க நாங்க நாப்பது வருஷமா பண்ணிட்டிருக்கோம்!” என்றார்.

மறு வாரமே விதிமுறைகள் வந்தன. விதி நான்கு: எல்லோருக்கும் மேலே இருப்பவருடையதைத் தவிர, பெற்றோர் இல்லாத கிளாஸ் அலுவலகத்தில் இருக்கக் கூடாது. விதி ஏழு: எந்தக் கிளாஸும் தன்னைவிடத் தாழ்ந்த பதவியின் வாரிசாக இருக்கக் கூடாது. இரண்டையும் கூட்டினால் வழி ஒன்றுதான். நோயாளி விண்ணப்பதாரரின் வாரிசு. விண்ணப்பதாரர் எழுத்தரின் வாரிசு. எழுத்தர் அதிகாரியின் வாரிசு. அதிகாரி இயக்குநரின் வாரிசு. சுவரில் படம் வரைந்து மாட்டினார்கள். இயக்குநர் சூரியன் மாதிரி மேலே இருந்தார். நோயாளி கீழே, படத்தின் சட்டத்துக்குள் பாதி மறைந்திருந்தார்.

இதையெல்லாம் சரிபார்க்கக் கிளாஸ் ஒப்புதல் குழு என்று ஒன்று. ஐந்து பேர், அவர்களுக்கு மேலே இணை இயக்குநர். ஒவ்வொரு கிளாஸுக்கும் மேலே பதினொரு வரியில் ஒரு முகப்பு: கிளாஸின் பெயர், பெற்றோரின் பெயர், பொறுப்பு அதிகாரி, அவர் பதவி, ஒப்புதல் அளித்தவர், கோப்பு எண் என்று போய், கடைசி வரியில் ‘தட்டச்சு: தற்காலிகம்’ என்று என்னில் முடியும். இயந்திரம் இந்தப் பதினொரு வரிகளைப் படிப்பதில்லை. குழு இவற்றைத் தவிர வேறு எதையும் படிப்பதில்லை. பன்னிரண்டாவது வரியில் கிளாஸின் பெயரும் பெற்றோரின் பெயரும் மறுபடி வரும். இயந்திரம் அங்கிருந்துதான் தொடங்கும். பன்னிரண்டு வரியும் என் வேலை.

நோயாளி கிளாஸுக்கு அந்த வரியை அடித்த அன்று மாலை வகுப்பில் வாரிசுப் பாடம் நடந்தது. டீச்சர் என்னைவிட இரண்டு வயது சின்னவர். பகலில் டயர் கடையில் இருப்பு பார்க்கிறார். பாடத்தை அந்த வேகத்திலேயே முடிப்பார்.

“வாக்கியமா சொல்லிப் பாருங்க. பூனை ஒரு விலங்கு. சரியா வருதா? அப்ப வாரிசு. பூனை ஒரு கட்டில். வருதா?”

“வரல.”

“கட்டில் மேலதானே படுத்திருக்கு?”

“அது வேற டீச்சர்.”

“அவ்வளவுதான் பாடம். அது வேற. பூனைக்கு ஒரு கட்டில் இருக்கு, பூனையே கட்டில் இல்ல. அடுத்தது.”

அன்று வலது பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: ‘நோயாளி ஒரு இயக்குநர்??’ இரண்டு கேள்விக்குறி போட்டவள், யாரிடமும் கேட்கவில்லை. ஐந்து பெரியவர்கள் கையெழுத்துப் போட்டதில் தவறு இருக்காது, எனக்குத்தான் பாடம் சரியாக ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கமா அண்ணனிடம் போனேன். பிரிவில் உண்மையாகவே நிரல் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு தடவை இணையதளம் இரண்டு நாள் படுத்துவிட்டது. ஏழு அதிகாரிகள் ஏழு அறிக்கை எழுதினார்கள். இவர் ஓரிடத்தில் கமா விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்து வைத்தார். அறிக்கை எழுதியவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இவருக்கு இந்தப் பெயர் கிடைத்தது.

“தங்கச்சி, கதவைச் சாத்து,” என்றார் கடிதத்தைப் பார்த்ததும்.

திரையில் இயக்குநர் கிளாஸைத் திறந்தார். பெயர், வயது, கார், வருகைப் பதிவு, இடமாறுதல், சொத்து விவரம். கடைசியாகப் போன மாதம் சேர்த்தது: ஓய்வு. இயக்குநரின் ஓய்வு உத்தரவு யாரும் தொடாமல் தானாக வரவேண்டும் என்று மேலிடத்தில் விரும்பினார்களாம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலை ஆறு மணிக்கு, இயக்குநர் வகையைச் சேர்ந்த யாருக்கு அறுபது முடிந்திருக்கிறதோ அவர்களுடைய நிலை ‘ஓய்வு’ என்று மாறும், கடிதம் போகும்.

“எத்தனை பேர் அண்ணா?”

“மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலு.”

“இயக்குநரும் போயிட்டாரா?”

“அவருக்கு இன்னும் அம்பத்தொம்போதுதான்.”

நோயாளி கிளாஸைத் திறக்கச் சொன்னேன். “பன்னிரண்டாவது வரியில பெற்றோர் பேரை எடுத்துட்டா?”

“எல்லாரும் திரும்பி வந்துடுவாங்க. ‘ஓய்வு’ங்கறது இயக்குநர்கிட்ட இருக்கு. நோயாளிக்கு அவர்கிட்ட இருந்துதான் வந்தது. உறவை வெட்டினா அதுவும் போயிடும்.”

“அப்ப எடுத்துடலாமே?”

மொட்டை மாடி விளிம்பில் நடக்கிறவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். “குழு ஒப்புதல் இல்லாம பன்னிரண்டாவது வரியைத் தொட்டா தளமே பூட்டிக்கும். அப்படி எழுதி வைக்கச் சொன்னாங்க. எழுதினது யாருன்னு கேக்காதே. நல்லாவே எழுதிருக்கேன்.”

ஆகவே குறிப்பு எழுதினேன். வரிசை எண் போட்டு, ஆறு குறிப்புகள். கண்காணிப்பாளர் மேடம் அதை வாங்கி, ‘தவறு’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் எல்லாம் ‘மேலும் சிறப்பிக்கத்தக்க நிலை’ என்று திருத்தினார். “உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதேன்னுதாம்மா,” என்றார். திருத்தியபின் படித்தால், அம்மா ஓய்வு பெற்றது இன்னும் சிறப்பாக நடந்திருக்கலாம் என்று பொருள் வந்தது.

ஒன்பதாம் தேதி குழு கூடியது. நான் மூலையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். ஏசியிலிருந்து வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரில் புதுப் பலகை: ‘காத்திருப்போர் சென்ற மாதம் 9,140. இம்மாதம் 5,206.’ கீழே இணை இயக்குநர் மேலிடத்திலிருந்து பாராட்டுக் கேடயம் வாங்கும் படம்.

இணை இயக்குநர் என் குறிப்பைக் கையால் தொடாமல் பேசினார்.

“இத்தனை வருஷமா இந்த வரிசையைக் குறைக்க டாக்டருங்க பாடுபட்டாங்க. முடிஞ்சுதா? நாம ஒரு கத்தி எடுத்தோமா? ஒருத்தரைத் தொட்டோமா? ஒரே காலையில பாதி வரிசை போச்சு! இன்னொண்ணு. நோயாளி இயக்குநரோட ஒரு வகைன்னு நாம எழுதிருக்கோம். ஒரு நோயாளிக்கு இதைவிட என்னங்க மரியாதை வேணும்? இப்ப அதை வெட்டுன்னா, நோயாளி இயக்குநர் மாதிரி இல்லைன்னு எழுத்துல குடுக்கணும். யார் கையெழுத்துப் போடுறது? நீங்க போடுறீங்களா? நீங்க?”

ஐந்து பேரும் வாளியைப் பார்த்தார்கள்.

“சரி, ஓய்வு பெற்றவங்க மனசு கஷ்டப்படுதா, அதுக்கும் வழி இருக்கு. பணி நீட்டிப்பு குடுப்போம். ஆறு மாசம். விண்ணப்பம் போடட்டும்.”

எல்லோரும் ஆஹா என்றார்கள். நானும் தலையாட்டினேன். தலை தானாகவே ஆடிவிட்டது. அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

விண்ணப்பம் நான்கு பக்கம். அன்று மாலை சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பினோம்.

“‘பணிக்காலத்தில் தாங்கள் ஆற்றிய குறிப்பிடத்தக்க செயல்கள்’னு கேக்குறாங்கம்மா.”

“ரெண்டு தடவை மயக்கம் போட்டு விழுந்தேன். எழுது.”

“‘நீட்டிப்பு மறுக்கப்பட்டால் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பீர்கள்?’”

அண்ணன் கை நீட்டினான். “என்கிட்ட குடும்மா. நான் பாத்துக்கறேன்.”

அம்மா அவன் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். பிறகு அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

அலுவலக வாசலில் நாளுக்கு நாள் ஆட்கள் கூடினார்கள். ஒரு தையல்காரர் கடிதத்தை நீட்டி, “என் மூட்டு ரெண்டையும் ஏழு நாள்ல ஒப்படைக்கணுமாமே, எந்த மேசைல வைக்கணும்?” என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்டாரா உண்மையாகவா என்று எனக்குத் தெரியவில்லை. காவலாளி முதல் மாடி என்றார். சிறுநீரகக் கல்லோடு காத்திருந்த முப்பது வயதுப் பெண்ணுக்கு, ஐந்து மாதமாக வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இல்லாததற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருந்தது. தொண்டையில் சதை வளர்ந்த ஐந்து வயதுக் குழந்தையைப் பொது இடமாறுதலில் வேறு மாவட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள். குடும்பத்தை அழைத்துப் போகப் பயணப்படி உண்டு என்று கருணையாக ஒரு வரி இருந்தது. எல்லாமே இயக்குநரிடமிருந்து வாரிசாக வந்தவை. நான் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

பதினான்காம் தேதி அம்மாவின் நீட்டிப்பு நிராகரிக்கப்பட்டது. காரணம்: பதினான்கு மாதம் தொடர்ந்து பணிக்கு வராமை.

அன்று அம்மா குளியலறையிலிருந்து கட்டிலுக்கு வர நான்கு இடத்தில் நின்றாள். முந்தின வாரம் இரண்டு இடம்தான். நான் எண்ணுவது தெரிந்து, “எண்ணாதடி, பயமா இருக்கு” என்றாள்.

மாலை வகுப்புக்குப் போக மனமில்லை. ஆனால் வராத நாளுக்குப் பாடம் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்று போனேன். அன்று வெற்றுக் கிளாஸ். உள்ளே ஒன்றுமே இல்லாமலும் ஒரு கிளாஸ் எழுதலாமாம்.

“அதோட வாரிசுக்கு என்ன டீச்சர் வரும்?”

“ஒண்ணும் வராது.”

“அப்புறம் எதுக்கு அது?”

“பேருக்குத்தான். அடுத்தது.”

மறுநாள் பதினொரு மணிக்கு மேடம் வெளிறிய முகத்தோடு வந்து என்னை எழுந்திருக்கச் சொன்னார். அமைச்சரின் மாமியாருக்குக் கடிதம் போயிருந்தது. முழங்கால் மாற்றுச் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்திருந்தவர். நெடுங்காலச் சேவைக்குத் துறை நன்றி தெரிவித்ததை அவர் மருமகனிடம் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

இணை இயக்குநரின் அறையில் ஐந்து பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் நின்று நான் பார்த்ததில்லை. முகப்பின் பதினொரு வரிகள் பெரிய எழுத்தில் அச்சாகி மேசைமேல் கிடந்தன. முதல் பத்து வரியின்மேல் யாரோ ஒரு கோப்பை வைத்திருந்தார்கள். பதினோராவது வரி மட்டும் தெரிந்தது.

“அமைச்சரோட மாமியாரை இயக்குநருக்குக் கீழ வச்சது நீயா?” என்றார் இணை இயக்குநர்.

“சார், நான் தட்டச்சுதான்…”

“இருபத்திநாலு மணி நேரத்துல எழுத்துல விளக்கம் குடு.”

வேலை போனால் போகட்டும் என்று நினைக்க முடியவில்லை. வேலை போனால் அந்தப் பன்னிரண்டாவது வரிக்கு அருகில்கூட என்னை விட மாட்டார்கள். பதினெட்டாம் தேதிக்கு மூன்று நாள் இருந்தது.

அப்போதுதான் குழுவில் மூத்தவர் ஒருவர், பேசியே நான் கேட்டிராதவர், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “மாமியாரை இயக்குநருக்குக் கீழ வைக்கிறது தப்புன்னா, அமைச்சருக்குக் கீழ வச்சா தப்பில்லையே.”

அறை வெளிச்சமானதுபோல் இருந்தது. இணை இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார்.

“அமைச்சர்! நோயாளிங்க எல்லாரும் இனிமே நேரா மாண்புமிகு அமைச்சரோட வாரிசு! நடுவுல யாரும் வேணாம். ஏழைபாழை, மூட்டுவலிக்காரன், எல்லாரும் அமைச்சர் வகை! அவங்களுக்கே இது தெரியணும். அனுமதிச் சீட்டுலயே மேல அந்தப் பதினொரு வரியையும் அச்சடிங்க. ஏம்மா, அழாத. விளக்கம் அப்புறம் குடுக்கலாம். நாளைக்குள்ள அமைச்சர் கிளாஸ் ரெடி பண்ணு. உள்ள என்னென்ன வரணும்னு பட்டியல் கொண்டா, குழு பாக்கட்டும்.”

கமா அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “இயக்குநருக்கு மேல இருக்கறவரைத் தொட்டு எழுதப்போறோம். உள்ள என்ன வரி வருதோ அத்தனையும் ஒம்பதாயிரம் பேர் தலையில விழும். பாத்துக்க.”

இரவல் வாங்கிய அகராதி மாதிரி இயக்குநர் கிளாஸை வைத்துக்கொண்டு பட்டியல் தயாரித்தேன். இயக்குநருக்கு உள்ள ஏழும், அமைச்சருக்கென்று சட்டத்தில் உள்ள பதவிக்காலமும் சேர்த்து எட்டு உருப்படி. நான் எதையும் விடவில்லை, என் இஷ்டத்துக்கு எதையும் சேர்க்கவில்லை. எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான்: முதலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் போவது.

பதினாறாம் தேதி குழுவின்முன் நின்று வாசித்தேன். தாளை மேசைமேல் வைத்துக்கொண்டேன்.

“ஒன்று. பெயர்.”

“அமைச்சர் பேரை நாம எழுதுறதா? நாளைக்கு இலாகா மாறினா?” என்றார் ஒருவர்.

“வெட்டு,” என்றார் இணை இயக்குநர்.

“இரண்டு. வயது.”

“அவர் வயசை ரெண்டு விதமா சொல்றாங்க. வெட்டு.”

“மூன்று. கார்.”

“எத்தனைன்னு போடுவே? வெட்டு, வெட்டு.”

“நான்கு. வருகைப் பதிவு.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இணை இயக்குநர் கையால் மட்டும் காற்றை வெட்டினார்.

“ஐந்து. இடமாறுதல்.”

“வாயைக் கழுவும்மா!”

“ஆறு. ஓய்வு வயது.”

“அமைச்சருக்கு ஓய்வா? யார் சொன்னது? எந்தக் கட்சி நீ?”

அந்தச் சொல்லைப் பேனாவால் அழுத்தி அடித்தேன். அம்மாவை வீட்டுக்கு அனுப்பிய சொல் அது.

“ஏழு. சொத்து விவரம்.”

யாரும் ‘வெட்டு’ என்றுகூடச் சொல்லவில்லை. மேடம் எழுந்து வந்து என் தாளில் அவரே அடித்தார், இரண்டு தடவை.

“எட்டு. பதவிக்காலம், ஐந்து ஆண்டு.”

“இது இருக்கட்டும்,” என்றார் இணை இயக்குநர். “சட்டத்துல உள்ளதுதானே. கிளாஸ்னா உள்ள ஒண்ணாவது இருக்கணும், நல்லாருக்காது. என்ன சொல்றீங்க?”

எல்லோரும் இருக்கட்டும் என்றார்கள். இந்த ஆட்சிக்கு நான்கு வருஷமும் பதினொரு மாதமும் ஆகிவிட்டன. எண்ணிப் பார்த்தேன், இன்னும் ஒரு தடவை எண்ணினேன். அந்த வரி இருந்தால் அம்மாவின் தேதி தப்பித்துவிடும். அடுத்த மாதம் ஒரு காலையில் மீதி அத்தனை பேருக்கும், தையல்காரருக்கு, அந்தக் குழந்தைக்கு, பதவிக்காலம் முடிந்துவிடும். முன்னாள் நோயாளிகள். சரி என்று தலையாட்டிவிட்டு உட்காரலாம். தலை ஆடத் தொடங்கியதைக்கூட உணர்ந்தேன்.

“சார்,” என்றேன். குரல் யாருடையதோ மாதிரி வந்தது. “தெரியாமத்தான் கேக்குறேன்… தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க. அஞ்சு வருஷத்துல அமைச்சர் போயிடுவார்னு நாம எழுத்துல குடுக்கறோம். கீழ… கையெழுத்து யாரு சார் போடுறது?”

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

“வெட்டு!” என்றார் இணை இயக்குநர். குழுவில் ஐந்து பேரும் அதே நேரத்தில் அதையே சொன்னார்கள். மூத்தவர் மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் வியர்க்கிறது.

பிறகு பதினொரு வரிகளை எழுந்து நின்று வாசித்தார்கள். ‘மாண்புமிகு’ என்பது இரண்டு இடத்தில் வர வேண்டும் என்று ஒரு திருத்தம். ஒப்புதல் ஐந்து கையெழுத்தோடு வந்தது. அமைச்சர் கிளாஸில் பன்னிரண்டாவது வரிக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

பதினேழாம் தேதி மதியம் நோயாளியின் பன்னிரண்டாவது வரியை மாற்றி அடித்தேன். கமா அண்ணன் பின்னால் நின்று எழுத்தெழுத்தாகப் பார்த்தார். பொத்தானை அவரே அழுத்தினார்.

“உலகத்துலயே சுத்தமான அமைச்சர்,” என்றார் திரையைப் பார்த்து. “வாரிசுக்கு ஒண்ணுமே குடுக்கல.”

பலகையின் எண் 9,140க்குத் திரும்பியது. எனக்கு மறுபடி பயம் வந்தது. கேடயம் வாங்கிய எண் போய்விட்டதே என்று. ஐந்து மணிக்கு இணை இயக்குநர் வாசலில் நின்று ஊழியர்களிடம் பேசினார். “ஒரே நாள்ல மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலு பேரைப் புதுசா வரிசையில சேத்திருக்கோம். எந்த ஆபீஸ் இதைச் செய்யும்?” எல்லோரும் கை தட்டினார்கள். என் கையும் தட்டியது. விளக்கம் எழுதச் சொன்னது அவருக்கு மறந்துவிட்டிருந்தது. நான் எழுதிப் பைக்குள் வைத்திருந்தேன், இன்னும் வைத்திருக்கிறேன்.

பதினெட்டாம் தேதிப் பட்டியலில் அம்மாவின் பெயர் இருந்தது.

இருபத்தொன்றாம் தேதி மருத்துவமனை ஜன்னலில் அனுமதிச் சீட்டை நீட்டினேன். அண்ணன் அம்மாவைத் தாங்கிப் பிடித்திருந்தான். எழுத்தர் சீட்டை வாங்கிப் படித்தார். புரட்டினார். மறுபடி படித்தார்.

“என்னம்மா இது? கிளாஸ், பெற்றோர் மாண்புமிகு அமைச்சர், பொறுப்பு அதிகாரி, கோப்பு எண்… நோயாளி யாரு? பேரே இல்லையே.”

சீட்டு உள்ளங்கை அகலம். பதினொரு வரிகளிலேயே தாள் முடிந்துவிட்டிருந்தது. அதற்குக் கீழே வர வேண்டியது எதற்கும் இடமில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அம்மா என் தோளைப் பிடித்தாள். அவள் மூச்சு என் காதில் கேட்டது. இரண்டரை வாரம் ஓடி வந்து, இந்த ஜன்னலில் நின்றுவிட்டோம் என்று நினைத்தேன். சீட்டில் கை வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. எந்த விதியின்படி இல்லை என்றுகூட எனக்குத் தெரியும்.

எழுத்தரின் மேசையிலிருந்த பேனாவை எடுத்தேன். சீட்டின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதினேன். அம்மாவின் பெயர். இதய வால்வு. இருபத்திரண்டாம் தேதி.

அவர் அதைப் பார்த்தார். முத்திரையை எடுத்து, நான் எழுதிய பக்கத்தில் குத்தினார்.

“இது போதுமே. மத்ததெல்லாம் எதுக்கு?”

நான் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன். எனக்கு இன்னும் வேலை தற்காலிகம்தான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். நான்கரை மணி நேரமும் எனக்கு ஒரே பயம். ஆனால் அது சாதாரணப் பயம். எல்லோருக்கும் வருகிற பயம். ஒன்றரை மணிக்கு டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கி, “வால்வு மூடுது” என்றார்.

மாலையில் கண்ணாடிக்கு அப்பால் அம்மா படுத்திருந்தாள். அண்ணன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, “அமைச்சரம்மா தூங்குறாங்க” என்றான். அவன் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காததுபோல் நோட்டைத் திறந்தேன். அன்று வகுப்பு இல்லை. இருந்தாலும் இடது பக்கத்தில் எழுதினேன்.

‘அம்மா ஒரு இயக்குநர்: தவறு. அம்மா ஒரு அமைச்சர்: தவறு. அம்மா ஒரு கட்டில்: தவறு. அம்மாவுக்கு ஒரு கட்டில் இருக்கிறது: சரி.’

எழுதிவிட்டு, எழுந்து போய்க் கட்டில் எண்ணை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு வந்தேன்.